கன்னலும் நாணலும்: கோவை தந்த கரும்பு

கொங்கு நாட்டில் பவானிக்கும் கோபிக்கும் இடைப்பட்ட கவுந்தப்பாடி வட்டாரத்தில் கரும்பாலைக் களங்கள் இன்றும் புகைகின்றன. கொப்பரையில் கொதிக்கும் சாறு பாகாகி, மரத்தொட்டியில் ஊற்றப்பட்டு, கட்டையால் தேய்க்கப்பட்டு நாட்டுச் சர்க்கரையாக உதிர்கிறது. இந்தச் சர்க்கரை என்னும் சொல்லின் பயணம் வியப்புக்குரியது. வடமொழியின் ‘சர்க்கரா’ பாரசீகத்தில் ‘ஷகர்’ ஆயிற்று. அரபியில் ‘சுக்கர்’ ஆயிற்று. அரபியரோடு ஸ்பெயின் சென்று ‘அசுகார்’ ஆகி, பின் ஐரோப்பிய மொழிகள் பலவற்றிலும் புகுந்தது. நாம் கற்கண்டு என்கிறோமே, அதன் ‘கண்டு’ம் அரபியரின் ‘கந்து’ம் ‘கண்ட’ என்னும் ஒரே வடசொல்லின் பிள்ளைகள். ஆங்கிலேயச் சிறுவன் கடையில் கேட்டு வாங்கும் ‘கேண்டி’யும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

சொல் சென்ற வழியில்தான் பயிரும் சென்றது. ஆயின், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அப்பயிர் தன் பழைய வீடாகிய இந்தியாவிலேயே நலிந்து, அந்நியச் சர்க்கரையை எதிர்பார்த்து நிற்கும் நிலை வந்தது. அந்நிலையை மாற்றிய பணி நடந்த ஊர் கோயம்புத்தூர். அப்பணியை முப்பது ஆண்டுகள் தோளில் சுமந்தவர் டி. எஸ். வெங்கட்ராமன் என்னும் தமிழர். ஆற்றங்கரையில் யாரும் விதைக்காமல் வளர்ந்து, யாருக்கும் பயன்படாமல் காய்ந்து போகும் நாணற் புல் அப்பணிக்கு மூலப்பொருளாயிற்று. வெங்கட்ராமனின் பெயரை இன்று கோவை நகரத்தார் பலரும் அறியார். அவர் உருவாக்கிய பயிரின் வழித்தோன்றல்களோ உலகின் கரும்பு வயல்களில் பெரும்பாலானவற்றில் நிற்கின்றன.

கரும்பு தமிழகத்துக்குப் புதிதன்று. தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் முன்னோர் கரும்பை இந்நிலத்துக்குக் கொண்டு வந்தவர்கள் என்று ஔவையார் புறநானூற்றில் போற்றுகிறார். தகடூர் இன்றைய தருமபுரி. கொங்கு மண்டலத்தின் வட வாயில். கரும்பு வேறெங்கிருந்தோ வந்த பொருள் என்ற நினைவு அப்பாடலில் பதிந்திருப்பதை நாம் கவனிக்க வேண்டும். தாவரவியலாரும் அதையே சொல்கிறார்கள்: தடித்து, சாறு நிறைந்து, மெல்லுதற்கு இனிய கரும்பு நியூகினித் தீவுப் பகுதியில் மனிதனால் வளர்த்தெடுக்கப்பட்டுக் கடல்வழியே பரவியது. பொங்கலுக்கு நாம் வாங்கும் செங்கரும்பு அவ்வினத்தைச் சேர்ந்தது. வட இந்தியாவில் விளைந்தவை வேறு வகை. விரற்கடை பருமனே உள்ள மெல்லிய கரும்புகள், பனியும் வறட்சியும் தாங்குபவை, சாறு குறைந்தவை.

இஸ்லாமிய உலகம் கரும்பைப் பெற்றுக்கொண்ட விதம் தனி நூலாக எழுதத் தக்கது. இங்குச் சுருங்கச் சொல்கிறோம். பாரசீகத்தின் குஸிஸ்தானில், மருத்துவக் கல்விக்குப் பெயர்பெற்ற ஜுந்தீஷாபூர் வட்டாரத்தில், சர்க்கரையைத் தூய்மை செய்யும் கலை வளர்ந்தது. அங்கிருந்து ஈராக், ஷாம், மிஸ்ர், மக்ரிப், சிசிலி, அந்துலூஸ் என்று நீர்ப்பாசனமும் கரும்பும் கைகோத்து மேற்கே நடந்தன. கி.பி. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இஷ்பீலியாவில், அதாவது செவில் நகரில், வாழ்ந்த இப்னுல் அவ்வாம் தம் ‘கிதாபுல் ஃபிலாஹா’வில் கரும்பு நடும் முறையை விரிவாக எழுதினார். 1333-இல் மறைந்த எகிப்திய அறிஞர் நுவைரி, நைல் கரையில் நிலத்தை உழுவது முதல் சாற்றைக் காய்ச்சி வார்ப்பது வரை படிப்படியாகப் பதிந்து வைத்தார். அரசாங்கக் கணக்கராக இருந்தவர் அவர். ஆலையின் செலவுக் கணக்கை அறிந்தவரின் எழுத்தில்தான் அத்தகைய நுணுக்கம் வரும்.

இப்னு பதூதா 1326-இல் மேல் எகிப்தில் பயணம் செய்தபோது ஓர் ஊரில் பதினொரு கரும்பாலைகளைக் கண்டார். ஏழை எவரையும் அந்த ஆலைகளுக்குள் வரவிடாது தடுப்பது அவ்வூரில் வழக்கமில்லை. வறியவர் சூடான ரொட்டித் துண்டைக் கொண்டுவந்து கொதிக்கும் கொப்பரையில் இட்டு, பாகில் ஊறியதும் எடுத்துக்கொண்டு போவார் என்று எழுதுகிறார். நம் கொங்கு நாட்டு ஆலைக் களத்திலும் வழிப்போக்கருக்குச் சாறும், சிறுவர்க்கு வாழையிலையில் பாகும் கொடுக்கும் வழக்கம் இருந்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். இனிப்பை விற்பதற்கு முன் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் இரு நாட்டாருக்கும் எப்படியோ தோன்றியிருக்கிறது.

‘ஃபிலாஹா’ என்றால் வேளாண்மை. ‘ஃபல்லாஹ்’ என்றால் உழவர். மண்ணைப் பிளத்தல் என்ற பொருளுடைய வேரிலிருந்து பிறந்த சொற்கள் இவை. நாள்தோறும் ஐந்து முறை பாங்கொலியில் நாம் கேட்கும் ‘ஃபலாஹ்’ என்னும் வெற்றியும் அதே மூன்றெழுத்து வேருடையது. அரபி மொழியில் இத்தகைய உறவுகள் பல. இதை மட்டும் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை.

பின்வந்த வரலாறு கசப்பானது. ஐரோப்பியர் கரும்பை அட்லாண்டிக் தீவுகளுக்கும் அங்கிருந்து அமெரிக்கக் கண்டத்துக்கும் கொண்டு சென்றனர். வெட்டுவதற்கு ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களை விலங்கிட்டுக் கொண்டு சென்றனர். அவர்களுள் முஸ்லிம்களும் இருந்தனர். அடிமை முறை ஒழிந்ததும் அந்த இடத்தை நிரப்ப ஒப்பந்தக் கூலிகள் தேவைப்பட்டார்கள். மொரீஷியஸ், நெட்டால், ஃபிஜி என்று தமிழர்கள் கப்பலேறினார்கள். 1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் சென்னையிலிருந்து 342 பேரை ஏற்றிக்கொண்டு டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அவர்கள் இறங்கியது கரும்பு வயல்களுக்காக. நெட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளை அனுப்புவது 1911-இல்தான் நின்றது. இந்த ஆண்டை நாம் நினைவில் வைத்துக்கொள்வோம்.

அதே 1911-இல் இந்தியாவின் நிலை என்ன? கரும்பு பயிரிடும் நிலப்பரப்பில் உலகின் முன்னணி நாடுகளுள் ஒன்றாக இருந்தும், வெள்ளைச் சர்க்கரைக்கு ஜாவாவையும் மொரீஷியஸையும் நம்பியிருந்தது. நிலம் மிகுதி, விளைச்சல் சொற்பம். டச்சுக்காரரின் ஆட்சியிலிருந்த ஜாவாவில் பசுருவான் ஆய்வு நிலையம் புதிய கரும்புகளை உருவாக்கிக்கொண்டிருந்தது. மத்திய சட்டசபையில் பண்டித மதன் மோகன் மாளவியா, இறக்குமதிச் சர்க்கரைக்கு வரியை உயர்த்த வேண்டுமென்று குரல் எழுப்பினார். அரசு வரியை உயர்த்த மனங்கொள்ளவில்லை. நாட்டுக் கரும்பை மேம்படுத்த ஓர் ஆய்வு நிலையம் அமைப்பதாக ஏற்றுக்கொண்டது. 1912-இல் அந்நிலையம் கோயம்புத்தூரில் அமைந்தது.

ஏன் கோயம்புத்தூர்? கரும்பின் பெரும்பரப்பு பஞ்சாபிலும் ஐக்கிய மாகாணத்திலும் பீகாரிலும் இருக்க, ஆயிரம் கல் தொலைவிலுள்ள கொங்கு நாட்டை ஏன் தேர்ந்தார்கள்? விடை கரும்பின் பூவில் இருக்கிறது. உழவர் கரணை வைத்தே கரும்பை வளர்க்கிறார். கரணையிலிருந்து வருவது தாயின் அச்சு அசல். புதிய கரும்பு வேண்டுமானால் அது பூத்து, இரு வேறு கரும்புகளின் மகரந்தமும் சூலும் கூடி, விதை பிடிக்க வேண்டும். கரும்புக்கு முளைக்கும் விதை உண்டு என்பதே 1888-இல்தான் ஜாவாவிலும் பார்படோஸிலும் உறுதிப்பட்டது. வடக்கே குளிரில் கரும்பு பூப்பது அரிது. பூத்தாலும் விதை பிடிக்காது. மேற்குத் தொடர்ச்சி மலையின் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் கோவையில், ஐப்பசியை ஒட்டிக் கரும்பு நன்கு பூக்கிறது, விதையும் பிடிக்கிறது. பூத்த கரும்பு வளராது, சாறும் வற்றும் என்று உழவர் முகம் சுளிப்பது வழக்கம். அவர் வெறுத்த பூவே ஆய்வாளருக்கு வேண்டியிருந்தது.

வேளாண் கல்லூரி சென்னைச் சைதாப்பேட்டையிலிருந்து கோவைக்கு வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அங்குத் தாவரவியலாராக இருந்த சார்லஸ் ஆல்ஃபிரட் பார்பர் புதிய நிலையத்தின் தலைமையை ஏற்றார். பார்பருக்குக் கரும்பின் துயரம் முன்பே தெரியும். கோதாவரிக் கழிமுகத்தில் செவ்வழுகல் நோய் கரும்பைச் சூறையாடியபோது, 1902-இல் சாமல்கோட்டையில் அமைந்த கரும்புப் பண்ணையில் அவர் பணிபுரிந்தவர். தண்டைப் பிளந்தால் உள்ளே சிவந்து, நடுநடுவே வெள்ளைத் திட்டுகளோடு, புளித்த நாற்றம் வீசும் நோய் அது. இனிமை மிகுந்த தடித்த கரும்புகளே அதற்கு முதலில் பலியாயின.

பார்பரும் அவருடைய உதவியாளர் வெங்கட்ராமனும் எடுத்த முடிவை இன்று படிக்கும்போது எளிதாகத் தோன்றும். அன்று அது துணிச்சல். இனிய கரும்புக்கும், கரும்பின் உறவினமான காட்டுப் புல்லுக்கும் மணம் முடிப்பது என்று முடிவு செய்தார்கள். வடநாட்டார் காஸ் என்றும், ஜாவாவினர் கிலாகா என்றும், நாம் நாணல் என்றும் அழைக்கும் புல் அது. தண்டு மெல்லியது, சர்க்கரை இல்லையென்றே சொல்லலாம், நார் மிகுதி. ஆனால் வெள்ளத்தில் நிற்கும், வறட்சியில் நிற்கும், குளிரில் நிற்கும், நோய்க்கு எளிதில் மடியாது, வெட்ட வெட்டத் தூர் கட்டும். கோவை வட்டாரத்திலேயே வளர்ந்த நாணலைத் தந்தையாகவும், ‘வெள்ளை’ என்ற தடித்த கரும்பைத் தாயாகவும் கொண்டு 1912-இல் நடந்த கலப்பில் பிறந்தது கோ 205. ‘கோ’ என்பது கோயம்புத்தூரின் முதலெழுத்து. கண்டுபிடித்தவர் பெயரைச் சூட்டும் வழக்கம் மேலோங்கிய காலத்தில், அந்தக் கரும்புகள் ஊரின் பெயரையே சுமந்து சென்றன.

கலப்பு எப்படி நடக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கரும்புப் பூங்கொத்து வெள்ளிச் சாமரம் போன்றது. அதில் ஆயிரக்கணக்கான சிறு பூக்கள். ஒவ்வொரு பூவிலும் ஆணும் பெண்ணும் உண்டு. சில கரும்புகளில் மகரந்தம் மலடாக இருக்கும். அவற்றைத் தாயாகத் தேர்ந்துகொண்டால் பிறிதொன்றின் மகரந்தமே அதில் படியும். எது மலடு, எது வளமானது, எடுத்த மகரந்தம் எவ்வளவு நேரம் உயிரோடிருக்கும் என்பவற்றை வெங்கட்ராமன் உருப்பெருக்கியின்கீழ் ஆராய்ந்து எழுதினார். விதையோ பஞ்சிழையில் ஒட்டிய தூசு போன்றது. அதைத் தொட்டியில் தூவி, முளைத்த நாற்றுகளை வயலில் நட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்த்துக் கழித்துக்கொண்டே வர வேண்டும். ஆயிரத்தில் ஒன்று தேறினால் பேறு.

இவ்விடத்தில் ஹதீஸ் நூல்களில் பதிவான ஒரு நிகழ்ச்சி நம் நினைவுக்கு வருகிறது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மதீனா வந்தபோது, அங்குள்ளோர் ஆண் பேரீச்சையின் மகரந்தத்தை எடுத்துப் பெண் மரத்தின் பாளையில் வைத்துக் கட்டுவதைக் கண்டார்கள். அது தேவையில்லாதிருக்கலாம் என்ற கருத்தை வெளியிட்டார்கள். தோழர்கள் அதை விட்டுவிட்டனர். அவ்வாண்டு விளைச்சல் குன்றியது. செய்தி எட்டியதும், உலகியல் காரியத்தில் தாம் சொன்னது ஓர் எண்ணமே என்றும், அத்தகையவற்றை அவர்களே நன்கறிவர் என்றும் கூறிவிட்டார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள இச்செய்தியை மார்க்க அறிஞர்கள் பல கோணங்களில் விளக்கியுள்ளனர். நாம் பார்க்கும் கோணம் இது: மகரந்தத்தைக் கையால் மாற்றி வைக்கும் கலை அரபு மண்ணில் உழவர் அறிவாகவே இருந்தது, சோதனையும் விளைச்சலும் சொன்ன தீர்ப்பு மதிக்கப்பட்டது. கோவைப் பண்ணையில் விடியற்காலையில் பூங்கொத்தை உலுக்கியவர்கள் அந்த நெடிய மரபின் பிற்காலத்தவர்கள் என்று சொன்னால் மிகையாகாது.

கோ 205 1918-இல் பஞ்சாபுக்குச் சென்றது. அங்கே விளைந்த ‘கத்தா’ என்னும் நாட்டுக் கரும்பை அது விரைவில் பின்தள்ளியது. பஞ்சாபின் கால்வாய்க் குடியேற்றங்களில் உழவர்களுள் பெரும்பகுதியினர் முஸ்லிம்கள் என்பதை நம் வாசகர் அறிவர். கொங்கு நாட்டு நாணலின் முரட்டுத்தனம் அவர்களுடைய வயலில் உறைபனியைத் தாங்கி நின்றது. பின்னர் லாயல்பூரில் தேர்ந்தெடுக்கப்பட்ட கரும்புகள் ‘கோஎல்’ என்று பெயர் பெற்றன: முதலெழுத்துகள் கோயம்புத்தூருக்கு, கடைசி எழுத்து லாயல்பூருக்கு. 1947-இல் நாடு இரண்டாயிற்று. லாயல்பூர் பின்னர் ஃபைஸலாபாத் ஆயிற்று. கோஎல் 29, கோஎல் 54 ஆகிய கரும்புகள் எல்லைக்கு அப்பால் கோயம்புத்தூரின் பெயரைச் சுமந்தபடியே விளைந்தன. பிரிவினை வரலாற்றை எழுதுவோர் இத்தகைய சிறிய ஒட்டுதல்களையும் குறித்து வைக்கலாம்.

1919-இல் பார்பர் ஓய்வு பெற்றுத் தாயகம் திரும்பினார். பொறுப்பு வெங்கட்ராமனிடம் வந்தது. 1884-இல் பிறந்த அவருக்கு அப்போது வயது முப்பத்தைந்து. 1942 வரை அந்நிலையம் அவருடைய கையில் இருந்தது. பார்பரின் பங்கைக் குறைத்து மதிப்பிட நமக்கு எண்ணமில்லை. வட இந்திய மெல்லிய கரும்புகளை ஐந்து குடும்பங்களாக வகைப்படுத்தியவர் அவர். அவ்வினத்துக்கே பார்பரின் பெயர் சூட்டப்பட்டது தக்கதே. எனினும் முதற் கலப்பு ஒரு கதவைத் திறந்ததே ஒழிய, வீட்டைக் கட்டியவர் வெங்கட்ராமன். கோ 205 உறுதியான கரும்பு, ஆனால் இன்னும் மெல்லியது. நாணலின் குணத்தை இழக்காமல் இனிமையை மீட்பது எப்படி என்பதே அவர் முன் இருந்த கேள்வி. தடித்த கரும்பு, வடநாட்டு மெல்லிய கரும்பு, நாணல் என மூன்று இனங்களின் குருதியையும் ஒன்றில் கலந்தார். கோ 281, கோ 290, கோ 312, கோ 313 என்று வரிசையாக வந்தவை அவ்வழியில் பிறந்தவை.

ஜாவாவிலும் இணையான தேடல் நடந்துகொண்டிருந்தது. அங்கே செர்மாய் எரிமலைச் சரிவில், மனிதர் கைபடாமல் தானாகவே பிறந்த ஒரு கலப்பு கிடைத்தது. கறுப்புச் செரிபோன் கரும்பும் கிலாகாப் புல்லும் அதன் பெற்றோர். செரிபோன் என்பது ஒன்பது வலிமார்களுள் ஒருவரான சுனன் குனுங் ஜாதி அடங்கியுள்ள சிரெபோன் துறைமுகம். அந்தக் காட்டுக் கலப்பின் வழியில், டச்சு அறிஞர் யெஸ்வீட் 1921-இல் பிஓஜே 2878 என்னும் புகழ்பெற்ற கரும்பை உருவாக்கினார். வெங்கட்ராமன் போட்டியாளரின் கரும்பு என்று அதை ஒதுக்கவில்லை. அதைத் தம் கோ 290-உடன் கூட்டிக் கோ 419-ஐப் பெற்றார். 1933-இல் வெளிவந்த அக்கரும்பு தென்னிந்தியாவிலும் தக்காணத்திலும் பல பத்தாண்டுகள் கோலோச்சியது. அதிசயக் கரும்பு என்றே உழவரும் ஆலையாரும் அதை அழைத்தனர்.

காலமும் கைகொடுத்தது. 1932-இல் சர்க்கரைத் தொழிற் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மாளவியா கேட்ட வரி இருபது ஆண்டுகள் கழித்து வந்தது என்று சொல்லலாம். அப்போது நாட்டில் முப்பது சொச்சமாக இருந்த சர்க்கரை ஆலைகள் நான்கைந்து ஆண்டுகளில் நூற்றுமுப்பதைத் தாண்டின. ஜாவாச் சர்க்கரை இந்தியத் துறைமுகங்களிலிருந்து மறைந்தது. சட்டம் மட்டும் இருந்து கோ கரும்புகள் இல்லாதிருந்தால் அந்த ஆலைகளுக்கு அரைக்க ஏது? பொருளாதார வரலாற்றாசிரியர்கள் வரியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். கரும்பைப் பற்றி ஒரு வரியோடு நிறுத்திவிடுகிறார்கள்.

கோவைக் கரும்பு கடல் கடந்தது. அமெரிக்காவின் லூசியானாவில் நோயால் அழிந்த கரும்புத் தொழிலை மீட்டவற்றுள் கோ 281, கோ 290 ஆகியவை இருந்தன. தென்னாப்பிரிக்காவின் நெட்டாலிலும் அவை நடப்பட்டன. அங்கே நடந்த ஒரு செய்தி நம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. கோ 421, கோ 312 ஆகிய இரண்டையும் கோவையில் கூட்டிப் பெற்ற விதை நெட்டாலுக்கு அனுப்பப்பட்டது. அந்நாட்டு ஆய்வு நிலையத்தில் முளைக்கவைத்துத் தேர்ந்த நாற்று ‘என்கோ 310’ என்னும் பெயரில் 1940-களில் வெளிவந்தது. நெட்டாலின் எழுத்தும் கோயம்புத்தூரின் எழுத்தும் அதில் சேர்ந்திருக்கின்றன. அக்கரும்பு ஆப்பிரிக்கா முழுவதும் பரவி, தைவான் வரை சென்றது. ட்ரூரோ கப்பலில் சென்றவர்களின் பேரப்பிள்ளைகள் வாழ்ந்த மண்ணில், கூலியாக அனுப்பப்பட்டவர்களுக்குப் பின்னால் அவர்களுடைய நாட்டுக் கரும்பின் விதையும் சென்று சேர்ந்தது. முன்னவர்கள் பட்ட பாட்டை இது ஈடு செய்யாது. ஆயினும் அந்தப் பெயரில் கோயம்புத்தூர் இருப்பதைக் காணும்போது ஒரு தமிழ் வாசகருக்குத் தோன்றும் உணர்ச்சி இன்னதென்று எளிதில் சொல்லிவிட முடியாது.

வெங்கட்ராமனின் ஆவல் சில நேரம் எல்லை மீறியும் பாய்ந்தது. ஓராண்டு நிற்கும் கரும்பை விரைவில் முதிர்விக்க எண்ணி, பெரியமஞ்சள் சோளத்தோடு கரும்பைக் கூட்டினார். மூங்கிலோடும் கூட்டியதாக 1930-களில் அறிவித்தார். உலக அறிவியல் இதழ்கள் வியந்தன. மூங்கில் கலப்பின் உண்மைத்தன்மை பற்றிப் பின்வந்தோர் ஐயம் எழுப்பியதுண்டு. உழவருக்கு அவற்றால் நேரடிப் பயன் விளையவில்லை. ஆனாலும், இனத்தின் வேலி எங்கே முடிகிறது என்று சென்று தொட்டுப் பார்க்கத் துணிந்தவரை நாம் குறை சொல்ல விரும்பவில்லை.

1937-இல் ஹைதராபாத்தில், நிஜாமின் தலைநகரில், இந்திய அறிவியல் மாநாடு கூடியபோது தலைமை உரை ஆற்றியவர் வெங்கட்ராமன். குரோமோசோம்களைப் பற்றியும் கலப்பினங்களைப் பற்றியும் பேசுவார் என்று அவை எதிர்பார்த்திருக்கும். அவர் எடுத்துக்கொண்ட பொருள் இந்தியக் கிராமம். கால் நூற்றாண்டு வயலில் நின்றவருக்கு எது முதன்மையாகத் தோன்றியது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. ஆங்கில அரசு அவருக்குச் சர் பட்டம் அளித்தது. விடுதலை பெற்ற இந்தியா 1956-இல் பத்மபூஷண் அளித்தது. 1963-இல் அவர் மறைந்தார்.

அவர் காலத்தில் அந்நிலையத்தில் பணியாற்றிய மற்றொருவரைக் குறிப்பிடாமல் இவ்வரலாறு நிறைவுறாது. 1897-இல் தலைச்சேரியில் பிறந்து, சென்னையில் பயின்று, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931-இல் முனைவர் பட்டம் பெற்ற ஜானகி அம்மாள், 1930-களின் நடுவில் மரபியலாராகக் கோவைக்கு வந்தார். பெண்கள் ஆய்வுக்கூடத்தில் நுழைவதே அரிதாயிருந்த காலம். அவரோ சாதி அடுக்கில் தாழ்த்தி வைக்கப்பட்ட தீயர் குலத்தில் பிறந்தவர். இரண்டும் அவருக்கு இடையூறாயின என்று அவர் வரலாற்றை ஆய்ந்தவர்கள் எழுதுகிறார்கள்.

வெங்கட்ராமன் நாணலைப் பயன்படுத்தினார். ஜானகி அம்மாள் நாணலைப் படித்தார் என்று பிரித்துச் சொல்லலாம். தடித்த கரும்பின் உயிரணுவில் எண்பது குரோமோசோம்கள். நாணலிலோ அந்த எண்ணிக்கை இடத்துக்கு இடம் மாறுகிறது. நாற்பதிலிருந்து நூற்றிருபத்தெட்டு வரை காணப்படுகிறது. ஒரே புல் என்று நாம் கடந்து போவது, உள்ளே பார்த்தால் பல புல். இந்திய நாணல் வகைகளின் இந்த வேறுபாட்டை 1936-இல் ஜானகி அம்மாள் ஆராய்ந்து வெளியிட்டார். கரும்பை மக்காச்சோளத்தோடு கூட்டிய செய்தியையும் 1938-இல் வெளியிட்டார். அடுத்த ஆண்டே கோவையை விட்டு இங்கிலாந்து சென்றார். போர்க்காலத்து இலண்டனில் பணிபுரிந்து, டார்லிங்டனுடன் சேர்ந்து 1945-இல் பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் தொகுப்பேட்டை வெளியிட்டார். நேரு அழைக்க, 1951-இல் நாடு திரும்பி இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வுத் துறையைச் சீரமைத்தார். அவருடைய பணியில் பெரும்பகுதி கோவைக்கு வெளியே நடந்தது; ஒரு திறமையைத் தன்னிடம் நிறுத்திக்கொள்ள முடியாமற்போன இழப்பு கோவைக்குரியது.

முதுமையில் அவர் மௌனப் பள்ளத்தாக்கைக் காக்கும் இயக்கத்தில் நின்றார். அணை கட்டினால் மூழ்கும் காட்டில் உள்ள தாவரங்களின் குரோமோசோம்களைக் கணக்கெடுக்க முனைந்தார். அவருக்கு அப்போது வயது எண்பதைக் கடந்திருந்தது. 1984 பிப்ரவரியில், சென்னையை அடுத்த மதுரவாயல் ஆய்வுக்கூடத்தில், பணியின் நடுவிலேயே காலமானார். அதே ஆண்டு நவம்பரில் மௌனப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஒரு புல்லுக்குள் எத்தனை புல் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தவர், ஒரு காட்டை மூழ்கடிக்கச் சம்மதிப்பார் என்று எப்படி எதிர்பார்க்க முடியும்?

கரும்பின் கதை அத்துடன் முடியவில்லை. தமிழகத்தில் கோ 419-க்குப் பின் கடலூரில் பிறந்த கோசி 671 வந்தது. அதை ஒரு பெற்றோராகக் கொண்ட கோ 86032 2000-இல் வெளிவந்து, இருபதாண்டுகளுக்கு மேலாகக் கொங்கு வயல்களிலும் பரவலாக நின்றது. வடக்கே, வெங்கட்ராமன் காலத்தில் 1932-இல் தொடங்கிய கர்னால் கிளையில் பிறந்த கோ 0238 2009-இல் வெளியிடப்பட்டது. உத்தரப் பிரதேசத்தில் கரும்பு நிலத்தின் பெரும்பகுதியை அது ஒன்றே பிடித்துக்கொண்டது. ஆலைகளில் சர்க்கரை மலைபோலக் குவிந்தது. உழவரும் ஆலையாரும் ஒரே கரும்பில் நம்பிக்கை வைத்தார்கள். பத்தாண்டு முடிவதற்குள் செவ்வழுகல் நோய் அதைத் தாக்கியது. சாமல்கோட்டையில் பார்பர் பிளந்து பார்த்த அதே சிவப்பு, நூறாண்டுக்குப் பின் கங்கைச் சமவெளியில் தண்டுக்குள் தோன்றியது. நோய்க்கிருமி மாறிக்கொண்டே இருக்கிறது; கரணையில் வளரும் கரும்போ மாறாமல் அப்படியே நிற்கிறது. முன்னோர் செய்த கலப்புகளில் பயன்படுத்திய நாணல் வகைகள் மிகச் சில என்பதும், இன்றைய கரும்புகள் பலவும் அந்தச் சிலவற்றின் வழிவந்த நெருங்கிய உறவினர் என்பதும் இப்போது கவலையோடு பேசப்படுகின்றன.

ஆகவே புல்லைத் தேடி மீண்டும் புறப்பட்டிருக்கிறார்கள். கோவையை அடுத்த வீரகேரளத்தில் இயங்கும் கரும்பு இனப்பெருக்கு நிறுவனத்தார், அருணாசலப் பிரதேசம் முதல் பல பகுதிகளிலிருந்தும் நாணல் வகைகளைச் சேகரித்து வருகின்றனர். நோய் தொற்றாத தொலைவில் கண்ணூரில் வைத்துள்ள தொகுப்பு உலகின் மிகப் பெரிய கரும்புத் தொகுப்புகளுள் ஒன்று. கலப்புக்கென்றே மற்றொரு பண்ணை அட்டப்பாடி மலையில் அகளியில் இருக்கிறது. மௌனப் பள்ளத்தாக்கின் காடு அதற்கு அப்பால் தொடங்குகிறது. மழை ஓய்ந்த பருவத்தில் அங்கே நாணலும் கன்னலும் ஒருங்கே பூக்கும்போது, பெயரட்டை கட்டிய பூங்கொத்துகளை விடியலில் ஒன்றின்மேல் ஒன்று சாய்த்துக் கட்டி, மகரந்தம் உதிரக் காத்திருக்கிறார்கள்.